கால்வாய் வளர்த்த ஊர்: சிந்து நாட்டு மீர்ப்பூர் காஸ்

ஆனி மாதத்தில் கராச்சி நகரத்துக் கடைத்தெருக்களில் நீண்டு பருத்த மாம்பழம் ஒன்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். பழுத்தால் வெளிர்மஞ்சள் நிறம், நார் குறைவு, இனிப்பு மிகுதி. சிந்திரி என்பது அதன் பெயர். பாகிஸ்தானிலிருந்து வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் மாம்பழங்களுள் இதுவும் முன்வரிசையில் நிற்பது. இதன் முதற் கன்றுகள் 1909-ஆம் ஆண்டளவில் சென்னையிலிருந்து கொண்டு செல்லப்பட்டவை என்று அந்நாட்டார் சொல்லி வருகின்றனர். அக்கன்றுகள் வேரூன்றிய வட்டாரம் மீர்ப்பூர் காஸ் ஆகும். சிந்து மாகாணத்தின் தென்கிழக்கில், தார்ப் பாலைவனம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அமைந்த விவசாய நகரம் அது.

மாமரம் அங்கே செழித்ததற்குக் காரணம் மழையன்று. அவ்வட்டாரத்தில் ஆண்டு மழை சராசரியாகப் பத்து அங்குலத்துக்கும் குறைவு. கோடையில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொடுவதுண்டு. இத்தகைய நிலத்தில் பருத்தியும் கோதுமையும் கரும்பும் மிளகாயும் மாவும் வாழையும் விளைகின்றன என்றால், அது முழுக்க முழுக்கக் கால்வாயின் உபயமே. கால்வாயை வெட்டியவர்கள் நீர் எவ்வழியே வரும் என்பதை நன்கு கணக்கிட்டார்கள். வந்த நீர் எங்கே வடியும் என்பதையும், விளைந்த விளைச்சல் யார் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பதையும் அத்தனை அக்கறையோடு கணக்கிட்டார்களில்லை. அதன் பிறகு அவ்வூரில் நடந்த முயற்சிகளில் பெரும்பாலானவை விட்டுப்போன இவ்விரு கணக்குகளைச் சரிசெய்வதற்காக நடந்தவையே. பாசனமும் வடிகாலும் வார சாகுபடியும் நம் பஞ்சாயத்துக் கூட்டங்களில் அன்றாடம் அடிபடுகின்ற விஷயங்களாதலின், அவ்வூரைப் பற்றிச் சற்று விரிவாக அறிந்துகொள்வது பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் பயன்படும் என்று கருதுகிறோம்.

மீர்களின் கோட்டை

சிந்து மாகாணத்திலும் ஐதராபாத் என்றொரு நகரம் உண்டு. தெலங்காணத்து ஐதராபாத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டுவதில்லை. அந்நகரிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 65 கிலோமீட்டர் சென்றால் மீர்ப்பூர் காஸ் வரும். 1806-ஆம் ஆண்டில் மீர் அலி முராத் தால்பூர் என்பவர் இவ்வூரை நிறுவிக் கோட்டை கட்டினார். தால்பூர் மரபினர் பலூச் இனத்தவர். 1783 முதல் 1843 வரை அவர்கள் சிந்து நாட்டை ஐதராபாத், கைர்ப்பூர், மீர்ப்பூர் காஸ் என மூன்று கிளைகளாகப் பிரிந்து ஆண்டனர். மீர் என்பது அவர்களுடைய பட்டம். மீரின் ஊராதலால் மீர்ப்பூர் எனப் பெயர் வந்தது.

1843-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மியானி என்னுமிடத்தில் நடந்த போரில் சார்லஸ் நேப்பியரின் படையிடம் ஐதராபாத் மீர்கள் தோற்றனர். மீர்ப்பூர் காஸ் தலைவரான மீர் ஷேர் முகம்மது அதன்பின்னும் பணியவில்லை. மார்ச்சு 24-ஆம் தேதி துப்போ என்னுமிடத்தில் அவர் மீண்டும் போரிட்டுத் தோற்றார். சிந்து நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் பம்பாய் மாகாணத்தோடு இணைக்கப்பட்டு, 1936-ஆம் ஆண்டில்தான் தனி மாகாணமாகப் பிரிந்தது.

மீர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்திருக்கின்றனர். ஊரையொட்டியுள்ள காகூ ஜோ தரோ என்னும் மேட்டை 1909-10-இல் ஹென்றி கசின்ஸ் என்ற தொல்பொருள் அதிகாரி அகழ்ந்தபோது, செங்கல்லாலான பௌத்த ஸ்தூபம் ஒன்று வெளிப்பட்டது. அங்கே கிடைத்த சுடுமண் புத்தர் உருவங்களை இன்று மும்பை அருங்காட்சியகத்தில் காணலாம்.

நீர் வந்த வழி

கால்வாய் வருவதற்கு முன்பு சிந்து நாட்டு வேளாண்மை பெரும்பாலும் ஆற்றுப் பெருக்கை நம்பியே நடந்தது. இமயத்தின் பனி உருகியும் பருவமழை பெய்தும் கோடையில் சிந்து நதி பெருகும்போது வெள்ளக் கால்வாய்களில் தானாக நீர் பாயும். நதி வற்றினால் கால்வாயும் வற்றும். மேட்டு நிலத்துக்காரர்கள் கலயங்கள் கட்டிய சக்கரத்தை மாடு பூட்டியோ ஒட்டகம் பூட்டியோ சுற்றி நீர் இறைத்தனர். ஒரு போகமே நிச்சயமில்லை; இரண்டாம் போகம் பலருக்குக் கனவு.

மீர்ப்பூர் காஸ் வட்டாரத்துக்குக் கிழக்கே நாரா என்ற பழைய ஆற்றுப் படுகை ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோகரி நகருக்கருகே சிந்து நதியிலிருந்து வாய்க்கால் வெட்டி, அப்படுகையில் நீரைத் திருப்பினர். நாராவிலிருந்து பிரியும் ஜம்ராவோ கால்வாய் 1899-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வெள்ளக்காலத்தோடு நில்லாமல் ஆண்டு முழுவதும் நீர் தரவேண்டும் என்பது அதன் நோக்கம். தரிசாகக் கிடந்த நிலம் பாத்தி பாத்தியாகப் பிரிக்கப்பட்டது. உள்ளூர்ப் பெருநிலக்காரர்களோடு பஞ்சாபிலிருந்து அழைத்து வரப்பட்ட குடியேறிகளுக்கும் நிலம் வழங்கினார்கள். ஐதராபாத்திலிருந்து வந்த இருப்புப் பாதை பாலைவனத்தைக் கடந்து ஜோத்பூர் வரை நீண்டது. பருத்தி அரைவை ஆலைகள் எழுந்தன. தானிய மண்டிகள் வந்தன. அமைதியாகக் கிடந்த மீர்களின் கோட்டையூர் சந்தை நகரமாயிற்று.

1932-ஆம் ஆண்டில் சுக்கூர் அணை திறக்கப்பட்டது. ஒவ்வொன்றும் 60 அடி அகலமுள்ள 66 கண்கள் கொண்ட அணை அது. அதன் இரு கரைகளிலிருந்தும் ஏழு கால்வாய்கள் பிரிகின்றன. அவற்றுள் ஒன்றாக நாரா அமைந்தது. ஜம்ராவோ நிலங்களுக்கு அதன் பிறகே நீர் உறுதிப்பட்டது. ஓர் அணையை மட்டும் நம்பியிருக்கும் பாசனத்தில் உள்ள ஆபத்தும் உடன் வந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பருத்தி நின்றுகொண்டிருந்த பருவத்தில், அவ்வணையின் கதவு ஒன்று உடைந்தது. பழுதுபார்ப்பதற்காகக் கால்வாய்களில் நீரை நிறுத்த நேர்ந்தபோது, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள வயல்களும் அதை உணர்ந்தன.

1947-ஆம் ஆண்டுப் பிரிவினை ஊரின் முகத்தை மாற்றிற்று. கடைகளும் மண்டிகளும் நடத்திவந்த இந்து வணிகர்களில் பெரும்பாலோர் இந்தியாவுக்குப் புறப்பட்டனர். ராஜஸ்தானத்திலிருந்து கோக்ராபார் எல்லை வழியாக முஸ்லிம் அகதிகள் வந்து குடியேறினர். எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுவந்த சொத்துக்கு ஈடாக இந்தப் பக்கம் நிலம் பெற்றவர்கள் உண்டு. அந்நிலத்தை அதுவரை உழுதுவந்தவர்களில் பலர் எதையும் பெற்றார்களில்லை. ஜோத்பூர் வரை ஓடிய ரயில் 1965-ஆம் ஆண்டுப் போரோடு நின்றது. 2006-ஆம் ஆண்டில் தார் எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் எல்லை கடந்த ரயில் மீண்டும் ஓடத் தொடங்கி, 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மறுபடியும் நின்றுவிட்டது.

ஊரும் கோத்தும்

இன்று மீர்ப்பூர் காஸ் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஜில்லாத் தலைநகரம். கடைத்தெருவில் சிந்தி, உருது, பஞ்சாபி, மார்வாரி எனப் பல மொழிகள் ஒரே நேரத்தில் காதில் விழும். விதைக்கடை, உரக்கடை, டிராக்டர் பட்டறை, பருத்தி ஆலை, மிளகாய் மண்டி ஆகியவையே நகரத்தின் உயிர்நாடி. வயல்களில் விளைச்சல் நன்றாயிருந்தால் துணிக்கடைக்காரருக்கு வியாபாரம். பருத்தியில் பூச்சி விழுந்தால் நகைக்கடைக்காரர் கை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். விவசாய நகரம் எங்கிருந்தாலும் இதுதான் இயல்பு போலும்.

நகரத்தைச் சுற்றிலும் கோத் எனப்படும் சிற்றூர்கள். மண்சுவர் வீடுகளும் முள்வேலி முற்றங்களும் கொண்டவை. பெரும்பாலான கோத்துகளுக்கு அங்குள்ள நிலக்காரரின் பெயரோ குலத்தின் பெயரோ அமைந்திருக்கும். பெரிய நிலக்காரரை வடேரா என்பர். அவருடைய வீட்டிலிருந்து சற்று விலகி ஓதாக் என்ற விருந்தினர் கூடம் இருக்கும். நம் ஊர்களில் சாவடியும் திண்ணையும் செய்துவந்த காரியத்தை அங்கே ஓதாக் செய்கிறது. வழிப்போக்கருக்குக் கயிற்றுக் கட்டிலும் தேநீரும் கிடைப்பதும், வழக்கு பேசித் தீர்ப்பதும், தேர்தலில் யாருக்கு வாக்களிப்பது என்று முடிவாவதும் அங்கேதான். பெண்களுக்கு ஓதாக்கில் இடமில்லை.

காலையில் ரொட்டியும் மோரும் உண்டு வயலுக்குச் செல்வது வழக்கம். கோதுமை ரொட்டி அன்றாட உணவு, சோறும் உண்டு. கோடை இரவுகளில் முற்றத்தில் கட்டிலைப் போட்டு, தெற்கேயிருந்து வீசும் காற்றில் உறங்குவர். ஆண்கள் கண்ணாடிச் சில்லு பதித்த குல்லாயும், செந்நிறமும் கருநீலமும் கலந்து அச்சிட்ட அஜ்ரக் என்னும் துண்டும் அணிவர். விருந்தினருக்கு அஜ்ரக் போர்த்துவது, நம்மவர் பொன்னாடை போர்த்துவது போன்றதொரு மரியாதை. பெண்கள் பழந்துணிகளை வெட்டி இணைத்து ரில்லி என்னும் மெத்தை விரிப்புகளைத் தைக்கின்றனர். பகலில் பருத்தி எடுத்த கைகளே மாலையில் ஊசி பிடிக்கின்றன.

நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பாதலால், குடிநீருக்கும் கால்வாயையே நம்ப வேண்டியிருக்கிறது. கால்வாய் மூடப்படும் வாரங்களில் பெண்கள் குடத்தோடு நெடுந்தூரம் நடக்கின்றனர்.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. பிரிவினையின்போது வணிகர்கள் போய்விட்டாலும், கோலி, பீல், மேக்வார் முதலிய சமூகங்களைச் சேர்ந்த இந்து ஏழைகள் இவ்வட்டாரத்தில் பெருந்தொகையினராக இன்றும் வாழ்கின்றனர். பயணச் செலவுக்கே வழியில்லாதவர்கள் எங்கே போவது? இவ்வட்டார வயல்களில் உழைப்போரில் இவர்கள் கணிசமான பங்கினர்.

தோப்பும் காண்டிராக்டரும்

சிந்திரி மாம்பழத்துக்குப் பெயர் தந்த சிந்திரி என்ற ஊர் மீர்ப்பூர் காஸ் ஜில்லாவிலேயே உள்ளது. 1985 முதல் 1988 வரை பாகிஸ்தானின் பிரதம மந்திரியாயிருந்த முகம்மது கான் ஜுனேஜோ அவ்வூர்க்காரர். நகரில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. 1965-ஆம் ஆண்டு முதல் மாம்பழக் கண்காட்சியும் நடந்து வருகிறது. பல்வேறு ரகங்களைத் தட்டுகளில் அடுக்கிப் பரிசளிக்கும் இவ்விழாவுக்கு அக்கம் பக்கத்து ஜில்லாக்களிலிருந்தும் தோப்புக்காரர்கள் வருகின்றனர்.

தோப்பின் இலாபம் தோப்புக்காரருக்கு முழுதாகக் கிட்டுகிறதா என்பது வேறு விஷயம். மரம் பூத்த நிலையிலேயே தோப்பைக் காண்டிராக்டரிடம் மொத்த விலைக்கு விட்டுவிடுவது அங்கே பரவலான வழக்கம். காற்றடித்துப் பிஞ்சு உதிர்ந்தால் நஷ்டம் தம்முடையதன்று என்ற நிம்மதி தோப்புக்காரருக்கு. அந்த நிம்மதிக்கு அவர் கொடுக்கும் விலை பெரிது. ஒரு பருவத்துக்கு மட்டும் வருபவருக்கு மரத்தின் அடுத்த இருபது ஆண்டு நலத்தில் அக்கறை எவ்வாறு பிறக்கும்? முன்கூட்டியே சந்தைக்கு அனுப்பினால் விலை அதிகமென்று முற்றாத காயைப் பறித்துக் கல் வைத்துப் பழுக்க வைக்கும் தீய வழக்கமும் இதிலிருந்தே வளர்கிறது. அண்மைக் காலத்தில், நன்றாயிருந்த மாமரம் சில வாரங்களிலேயே வாடிப் பட்டுப்போகும் நோய் சிந்து, பஞ்சாப் மாகாணத் தோப்புகளில் பரவியிருக்கிறது. பூஞ்சணமும், பட்டையைத் துளைக்கும் வண்டும் சேர்ந்து இதனை விளைவிக்கின்றன. அடிமரத்தைத் தொட்டுக்கொண்டு நீர் தேங்கவிடாமல் வட்டப்பாத்தி அமைப்பதும், நோயுற்ற கிளையை வெட்டி எரிப்பதும் பரிகாரம். நம் தோப்புக்காரர்களும் கவனிக்கத்தக்கது.

வாரக் கணக்கு

சிந்து நாட்டில் சொந்த நிலமின்றிப் பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுபவரை ஹாரி என்பர். நிலமும் நீரும் நிலக்காரருடையது, உழைப்பு ஹாரியுடையது, விளைச்சலில் பாதிப் பாதி. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. எப்படி நடக்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம்.

ஓர் ஏக்கரில் 30 மணங்கு கோதுமை விளைந்ததாக வைத்துக்கொள்வோம். ஹாரியின் பங்கு 15 மணங்கு. உரத்துக்கும் விதைக்கும் பூச்சி மருந்துக்கும் டிராக்டர் கூலிக்கும் ஆன செலவில் பாதி அவருடையது. அதற்கு 6 மணங்கு கழிந்தது. நடவிலிருந்து அறுவடை வரை குடும்பம் உண்ட மாவுக்கு 5 மணங்கு. மருத்துவச் செலவும் மகள் திருமணமும் சேர்த்து முன்பணம் வாங்கியதற்கு 7 மணங்கு. களத்துமேட்டிலிருந்து புறப்படும்போது ஹாரி 3 மணங்கு கடன்காரர். அக்கடனை அடைக்க அடுத்த ஆண்டும் அதே நிலத்தில் உழவேண்டும். இந்தக் கணக்கையெல்லாம் எழுதுபவர் நிலக்காரரின் காம்தார், அதாவது பண்ணைக் கணக்குப்பிள்ளை. ஹாரிக்கு எழுத்து தெரியாது. ஏடு ஒன்றே ஒன்று. அது காம்தாரின் பெட்டியில்.

இந்த அநீதியை எதிர்த்து 1930-ஆம் ஆண்டில் சிந்து ஹாரிக் குழு தோன்றியது மீர்ப்பூர் காஸிலேயே ஆகும். ஜாம்ஷெட் மேத்தா என்ற பார்சிப் பெரியாரும், ஜி. எம். சையத், ஜேட்மல் பரசராம் முதலியோரும் அதைத் தொடங்கியவர்கள். பார்சியும் முஸ்லிமும் இந்துவும் ஒன்றாக உட்கார்ந்து உழவனுக்காகப் பேசிய காலம் அது. பின்னர் அதற்குத் தலைமை தாங்கியவர் ஹைதர் பக்ஷ் ஜத்தோய் (1901–1970). அவர் டெபுடி கலெக்டராக உத்தியோகம் பார்த்தவர். 1940-களின் நடுவில் வேலையை விட்டுவிட்டு ஹாரிகளோடு சேர்ந்துகொண்டார்.

மற்றோர் அதிகாரியையும் இங்கே நினைக்க வேண்டும். ஹாரிகளின் நிலையை ஆராய அரசு அமைத்த குழுவில் அங்கத்தினராயிருந்த எம். மசூத், குழுவின் முடிவை ஏற்காமல் 1948-ஆம் ஆண்டில் தனியே மாற்றறிக்கை எழுதினார். ஹாரிகளின் அச்சத்தையும் கடனையும் நிலமின்மையையும் ஒளிவுமறைவின்றி அதில் எடுத்துரைத்தார். அரசு அதை உடனே வெளியிடவில்லை. மக்களின் வற்புறுத்தலுக்குப் பிறகே அது வெளிவந்தது. சர்க்கார் ஊழியத்திலுள்ள நாம் இதைப் படிக்கும்போது சற்று நின்று யோசிக்கிறோம்.

1950-ஆம் ஆண்டில் ஜத்தோயின் தலைமையில் ஹாரிகள் பெருந்திரளாகக் கராச்சிச் சட்டசபையை நோக்கிச் சென்றனர். சிந்துக் குத்தகைச் சட்டம் நிறைவேறியது. ஒரே நிலக்காரரிடம் தொடர்ந்து மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு நான்கு ஏக்கருக்குக் குறையாமல் உழுதவருக்கு நிலையான சாகுபடி உரிமை உண்டு என்று அச்சட்டம் கூறிற்று. ஆனால் மூன்று ஆண்டு உழுததற்கு அத்தாட்சி எங்கே? மறுபடியும் காம்தாரின் ஏடுதான். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஹாரியை வேறு நிலத்துக்கு மாற்றிவிட்டால் சட்டம் கட்டுப்படுத்தாது. நில உச்சவரம்புச் சட்டங்கள் 1959-லும் 1972-லும் 1977-லும் வந்தன. 1989-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தின் ஷரியத் அமர்வு, வரம்பு விதித்து நிலத்தை எடுப்பது இஸ்லாமிய நெறிக்கு ஒவ்வாதது என்று தீர்ப்பளித்தபின் அம்முயற்சியும் ஓய்ந்தது.

கடனுக்காக மனிதரைக் கட்டிவைக்கும் கொத்தடிமை முறையைப் பாகிஸ்தான் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது. சட்டத்துக்குப் பின்னும் சில நிலக்காரர்கள் ஹாரிக் குடும்பங்களைக் காவல் வைத்து அடைத்திருந்த செய்திகள் வெளிவந்துகொண்டேயிருந்தன. அண்டை ஜில்லாவான உமர்கோட்டில் சிறுமியாயிருந்தபோது குடும்பத்தோடு அவ்வாறு அடைபட்டிருந்த கிருஷ்ண குமாரி கோலி, 2018-ஆம் ஆண்டில் பாகிஸ்தான் மேலவை அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பருத்தி எடுக்கும் பெண்களுக்கு நிறைக்கேற்பக் கூலி. தராசு மேஸ்திரியின் கையில். 2019-ஆம் ஆண்டில் சிந்துச் சட்டசபை விவசாயப் பெண் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. எழுத்து மூலமான ஒப்பந்தம் கேட்கவும் சங்கம் அமைக்கவும் அது அவர்களுக்கு உரிமை தருகிறது. எழுத்துக் கணக்கு உழைப்பவர் கையிலும் ஒன்று இருக்கவேண்டும் என்ற கொள்கையை ஒப்புக்கொண்ட அளவில் இது பெரிய காரியம்.

தலைமடையும் கடைமடையும்

ஜம்ராவோ போன்ற பெருங்கால்வாயிலிருந்து கிளைக் கால்வாய்களும், அவற்றிலிருந்து வயல் வாய்க்கால்களும் பிரிகின்றன. ஒவ்வொரு வயல் வாய்க்காலின் தலைப்பிலும் குறிப்பிட்ட அளவு நீர் மட்டுமே புகும்படி கட்டிய கண் இருக்கும். அதற்குப்பின் உழவர்களுக்குள் முறை வைத்துப் பாய்ச்சிக்கொள்வர். முறை நள்ளிரவில் வந்தாலும் மண்வெட்டியும் விளக்குமாகப் போய் நிற்கவேண்டும். தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதே.

கட்டிய கண்ணை உடைத்துப் பெரிதாக்குவதும், கரையைத் துளைத்துக் குழாய் பதிப்பதும், செல்வாக்குள்ள தலைமடைக்காரர்களின் கைவரிசை. கடைமடையில் பருத்தி கருகும். மீர்ப்பூர் காஸ் ஜில்லாவின் கடைமடை விவசாயிகள் கால்வாய் அலுவலகங்களின் முன்பும் நெடுஞ்சாலைகளிலும் உட்கார்ந்து நீர் கேட்பது வழக்கமான செய்தியாகிவிட்டது. இதற்குப் பரிகாரமாக 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சிந்துப் பாசன வடிகால் ஆணையம் அமைந்தது. நாராக் கால்வாய்ப் பகுதிக்குத் தனி வாரியம் ஏற்பட்டது. கிளைக் கால்வாய்தோறும் விவசாயிகள் சங்கம் அமைத்து, நீர்த்தீர்வை வசூலையும் பராமரிப்பையும் அவர்களிடம் விடுவது திட்டம். சில சங்கங்கள் நன்கு நடந்தன. பெரிய நிலக்காரரே தலைவராகிவிட்ட சங்கங்களில் கடைமடைக்காரரின் குரல் முன்போலவே எட்டவில்லை. இதில் நாம் வியக்க ஒன்றுமில்லை.

களர் ஏறிய கதை

இனி வடிகால் கணக்குக்கு வருவோம். இதுவே எல்லாவற்றினும் பெரிது.

கீழ்ச் சிந்து தட்டையான நிலம். கடலை நோக்கிய சரிவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிது. ஆழத்திலுள்ள நிலத்தடி நீர் பல இடங்களில் கடல்நீர்போல் உப்பு. ஆண்டு முழுவதும் கால்வாயில் நீர் ஓடத் தொடங்கியதும், கால்வாயின் அடியிலிருந்தும் வயலிலிருந்தும் கசிந்த நீர் கீழே சேர்ந்துகொண்டே போயிற்று. வெளியேற வழியில்லை. ஆண்டுக்காண்டு நீர்மட்டம் மேலே ஏறி, ஆழத்தில் கிடந்த நீர் மேற்பரப்புக்குச் சில அடிகள் வரை வந்துவிட்டது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மண்ணின் நுண்துளைகள் வழியே அந்நீர் மேலேறும். வெயில் நீரை உறிஞ்சிவிடும். உப்பு மட்டும் மண்ணின் மேல் தங்கும். அறுவடைக்குப் பின் வயலில் வெள்ளை பூத்திருந்தால் அந்நிலம் போயிற்றென்று பொருள். இத்தகைய நிலத்தைச் சிந்தி மொழியில் கலர் என்கின்றனர். நம்முடைய களர் என்ற சொல்லோடு இது ஒலிப்பில் ஒத்திருப்பதைக் கண்டு வியந்தோம்.

களர் முதலில் விழுங்குவது தாழ்ந்த நிலத்தை. தாழ்ந்த நிலம் பெரும்பாலும் எளியவருடையது. மாமரமும் வாழையும் உப்பைச் சற்றும் பொறாதவை. முதலில் இலை நுனி கருகி, பிறகு காய்ப்பு குறைந்து, கடைசியில் மரமே நிற்காது. பருத்தியும் கோதுமையும் ஓரளவு தாங்கும்.

மற்ற இடங்களில் நீர்மட்டம் ஏறினால் குழாய்க்கிணறு போட்டு இறைத்து அந்நீரையே பாய்ச்சலாம். இங்கே இறைத்தால் வருவது உப்புநீர். பாய்ச்ச முடியாது, பக்கத்து வாய்க்காலில் விட்டால் அதுவும் கெடும், கடலில்தான் கொண்டு சேர்க்கவேண்டும். ஆகவே இடக்கரைப் பெருவடிகால் என்ற திட்டம் 1980-களில் தொடங்கியது. உலக வங்கியும் பிற நாடுகளும் பொருளுதவி செய்தன. நவாப்ஷா, சங்கர், மீர்ப்பூர் காஸ் ஜில்லாக்களில் சுமார் 12 இலட்சம் ஏக்கரின் கழிநீரைத் திரட்டி, பதீன் ஜில்லா வழியாகக் கடற்கழியில் சேர்ப்பது அதன் நோக்கம். மீர்ப்பூர் காஸ் பகுதியில் துளையிட்ட குழாய்களை வயலுக்கடியில் புதைத்து, கசியும் உப்புநீரை ஓரிடத்தில் சேர்த்து, இயந்திரத்தால் இறைத்து வடிகாலில் விடும் முறையும் கையாளப்பட்டது. நீர்மட்டம் இறங்கிய இடங்களில் நிலம் தேறியது. வெள்ளை பூத்த வயல்களில் மறுபடியும் பயிர் ஏறியது. இதை நாம் மறுப்பதற்கில்லை.

ஆனால் வடிகாலின் கடைப்பகுதி கெட்டது. கடல் அலையும் ஏற்றவற்றமும் எத்தகையவை என்பதைச் சரியாக மதிப்பிடாமல் வெட்டிய இணைப்புக் கால்வாய் அரிக்கப்பட்டது. ஏரிகளைக் காப்பதற்காகக் கட்டிய சோல்ரிக் கலிங்கு 1998-ஆம் ஆண்டில் இடிந்தது. 1999-ஆம் ஆண்டு மே மாதப் புயல் மேலும் சேதப்படுத்தியது. 2003-ஆம் ஆண்டு மழையில், கடலுக்குப் போகவேண்டிய நீர் கரை உடைந்து பதீன் ஜில்லாவின் கிராமங்களில் புகுந்து உயிர்ச்சேதம் விளைத்தது. மீனவரும் உழவரும் முறையிட்டதன்பேரில் உலக வங்கியின் விசாரணைக் குழு ஆராய்ந்து, 2006-ஆம் ஆண்டில் திட்ட அமைப்பிலிருந்த குறைகளைப் பதிவு செய்தது. மேலுள்ள ஜில்லாவின் உப்பை நீக்குவதற்காக வெட்டிய வாய்க்கால், கீழுள்ள ஜில்லாவுக்குத் துன்பமாயிற்று. வடிகால் என்பது ஒரு கிராமத்தின் எல்லையோடு முடிவதன்று. அது போய்ச் சேரும் ஊரையும் கேட்டுத்தான் அதை வெட்டவேண்டும். நம் ஒன்றியக் கூட்டங்களில் வாய்க்கால் வெட்டும் தீர்மானத்துக்குக் கைகள் உடனே உயர்வதும், வடிகால் தூர்வாரும் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போவதும் நாம் பலமுறை கண்டதே.

2011-ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பெய்த பெருமழையில் மீர்ப்பூர் காஸ் ஜில்லா மூழ்கிற்று. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டில் சிந்து மாகாணத்தில் பெய்த மழை வழக்கமான ஆகஸ்டு மழையைப்போல் எட்டு மடங்குக்கும் அதிகம். தட்டையான நிலம், தூர்ந்துபோன வடிகால்கள், இயற்கையான நீர்ப்போக்கை மறித்து எழுந்த சாலைகளும் கரைகளும். எடுக்க வேண்டிய பருத்தி நின்ற இடத்திலேயே அழுகிற்று. மிளகாயும் வெங்காயமும் போயின. மக்கள் கட்டிலையும் ஆட்டையும் கொண்டு சாலை மேடுகளில் குடியேறினர். தங்கள் ஊர் நீரை வெளியேற்ற ஒரு கோத்தார் கரையை வெட்ட, அடுத்த கோத்தார் இரவெல்லாம் காவலிருந்தனர்.

ஐப்பசியும் கார்த்திகையும் அங்கே கோதுமை விதைப்புக் காலம். அவ்வாண்டு நீர் வடிந்த வயல்களில் விதை விழுந்தது. வடியாத வயல்களில் நீர் மார்கழிக் குளிரிலும் தேங்கிக் கிடந்தது. அவ்வயல்களுக்குரிய ஹாரிகளில் பலர் சாலையோரத்திலேயே தங்கியிருந்து, வீட்டுச் செலவுக்கு நிலக்காரரிடம் முன்பணம் வாங்கினர். அழுகிய பருத்திக்கு இட்ட உரத்தின் பாதிச் செலவும், விதைக்காத கோதுமையின் பேரில் வாங்கிய அம்முன்பணமும் காம்தாரின் ஏட்டில் ஒரே பக்கத்தில் ஏறின.